ஓரிரு இடங்களில்

வட தமிழகத்தில் ஏப்ரல் கடைசி தொடங்கி செப்டம்பர் முடிய வானிலையைப் பற்றி அதிகம் காதில் விழும் வாக்கியம், "மழை வரும்னாங்க, எங்க வந்துச்சு?" என்பதுதான். டீக்கடையிலும் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்திலும் சொல்கிறார்கள். சொல்கிறவர் எல்லோருமே தீர்ப்பு வாசிக்கும் தொனியில் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறான அளவுகோலை வைத்து வழங்கப்படுகிறது என்பதே என் வாதம். இடிமழைக்கான முன்னறிவிப்பு ஒரு தெருவுக்கோ ஒரு மாலைப்பொழுதுக்கோ உறுதி தருவதில்லை, தரவும் முடியாது. ஒரு பரப்பில், ஒரு பருவம் முழுக்க, எத்தனை தடவை சொன்னார்கள், எத்தனை தடவை நடந்தது என்று கூட்டிக் கழித்துத்தான் அதை எடைபோட முடியும். அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளும் பொறுமை பொதுமக்களுக்கு இல்லை. அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இரவு பதினோரு மணிக்கும் ரேடார் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் நம்மிடையே இருக்கிறது. வானிலை ஆர்வலர்கள் என்கிறோம். ஏற்கெனவே இருக்கும் முன்னறிவிப்புகளோடு தம் பங்குக்கு இன்னொன்றைச் சேர்ப்பதைவிட, சொல்லப்பட்டவற்றுக்கெல்லாம் கணக்கு வைப்பதே அவர்களால் ஆகக்கூடிய பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடிமேகம் எவ்வளவு அற்பாயுசு என்பது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-இல் ஃபுளோரிடாவிலும் மறு ஆண்டு ஒஹாயோவிலும், ஹொரேஸ் பையர்ஸ் தலைமையில் இடிமேகங்களுக்குள் போர் விமானங்களை ஓட்டி அளந்து பார்த்தார்கள். பையர்ஸும் ராஸ்கோ பிரஹாமும் அதிலிருந்து எழுதிய விவரணைதான் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. முதலில் காற்று மேலே எழும்பி மேகம் கோபுரமாக வளர்கிறது. அடுத்து மேலேறும் காற்றும் மழையோடு கீழிறங்கும் குளிர்காற்றும் ஒரே மேகத்துக்குள் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. கடைசியில் கீழிறங்கும் காற்று மேலேறுவதை அடைத்துவிட, மேகம் தன் மழையாலேயே செத்துப்போகிறது. ஒரு தனி மேகக்கூறுக்கு இத்தனையும் நடந்து முடிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். அகலம் பத்து கிலோமீட்டர் இருந்தாலே பெரிது. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில் போய்ச் சேர்வதற்குள் ஒரு இடிமேகம் பிறந்து, பெய்து, மறைந்துவிடும்.

சென்னையைச் சுற்றிய கதை இன்னும் சிக்கல். ஜூன், ஜூலை மாதங்களில் மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்குக் காற்று ஓடிக்கொண்டிருக்கும். தரையில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே நுழையும். ஜவ்வாது மலை, சித்தூர், வேலூர்ப் பக்கம் மதியம் மூன்று மணிக்கு மேல் மேகம் திரளும். மேற்குக் காற்று அதைக் கிழக்கே தள்ளும். ராணிப்பேட்டை, அரக்கோணம், திருவள்ளூர் என்று அது வரும் வழியை ரேடாரில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே ஆர்வலர்கள் விழித்திருப்பார்கள். இடையில் கடற்காற்றின் முனை எங்கே நிற்கிறதோ, அங்கே காற்று முட்டி மேலெழுந்து புதிய மேகத்தைக் கிளப்பலாம். வரும் மேகத்தின் குளிர்காற்று அதற்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவந்து பூந்தமல்லியிலேயே அதைத் துண்டித்தும் விடலாம். ரேடார் படத்தில் இந்தக் குளிர்காற்றின் விளிம்பு, மேகத்துக்கு முன்னே மயிரிழை போன்ற ஒரு வெளிர்நீல வளைகோடாகத் தெரியும். அந்தக் கோடு மேகத்தை விட்டு வெகுதூரம் விலகிவிட்டால் கதை முடிந்தது. நகரத்துக்குக் காற்றும் மண்வாசனையும் மட்டும்தான். "சென்னைக்கு பல்பு" என்று ஆர்வலர்கள் அலுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். கோடு விலகுமா விலகாதா என்பது கீழடுக்கில் எவ்வளவு ஈரம், நடுவில் எவ்வளவு வறண்ட காற்று, கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்பவற்றையெல்லாம் பொறுத்தது. மீனம்பாக்கத்தில் காலையில் விடும் பலூன் அன்றைய காற்றின் ஒரே ஒரு செங்குத்துக் கோட்டைத்தான் அளந்து தருகிறது. மாலை ஆறு மணிக்கு அரக்கோணத்துக்கு மேலே காற்று எப்படி இருக்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது.

இது கருவிகளின் போதாமை மட்டுமே என்று எண்ணிவிடக்கூடாது. எட்வர்ட் லாரன்ஸ் 1969-இல் எழுதிய கட்டுரையில் காற்றோட்டத்தின் அளவுக்கும் அதை முன்கூட்டிச் சொல்லும் கால வரம்புக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுப் பார்த்தார். உலகளாவிய பெரிய அலைகளுக்குச் சில வாரங்கள், தாழ்வுநிலை போன்றவற்றுக்குச் சில நாட்கள், திரள்மேக அளவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று வந்தது. சிறிய அளவில் உள்ள பிழை வேகமாகப் பெருகி அடுத்த பெரிய அளவைத் தொற்றிக்கொள்கிறது. ஆகவே நுணுக்கமாக அளக்க அளக்கக் கிடைக்கும் லாபமும் சுருங்கிக்கொண்டே போகிறது. புயலின் பாதையை மூன்று நாள் முன்னதாகச் சொல்கிறவர்களால் நாளை மாலை அம்பத்தூரில் இடி இடிக்குமா என்று ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது, நாட்கணக்கில் வாழ்வது. இடிமேகம் உலகக் கணினி மாதிரிகளின் சல்லடையில் ஓரிரு கண்ணிக்குள் அடங்கிவிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 மே மாதம் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு முறை 6 கி.மீ. கண்ணி கொண்டது. அது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் ஒரு மேகத்தின் உருவம் கணினிக்குள் ஒழுங்காகத் தெரிய ஐந்தாறு கண்ணிகளாவது வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துதான் துறையின் அறிக்கை எழுதப்படுகிறது. "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று பிற்பகல் அறிக்கையில் வந்தால், பலரும் நினைப்பதுபோல அது வாய்க்கு வந்த மழுப்பல் இல்லை. அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவாகும் என்று அதற்கு வரையறை இருக்கிறது. 50 வரை அடுத்த படி, 75 வரை அதற்கடுத்தது, அதையும் தாண்டினால் பெரும்பாலான இடங்கள். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறிக்கை அட்சரம் பிசகாமல் பலித்த ஒரு நாளில்கூட நான்கில் மூன்று நிலையங்களாவது வறண்டுதான் கிடக்கும். அந்த முக்கால் பங்கு ஊர்களில் இருப்பவர்கள் எல்லோரும் மறுநாள் காலையில் "எங்க வந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள். முன்னறிவிப்பு சரியாக இருந்த நாளிலேயே பெரும்பான்மையோர் அது பொய்த்ததாகச் சாட்சி சொல்வார்கள். சாட்சிகள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு.

அளக்கும் கருவியையும் கிட்டத்தில் பார்த்துவிடலாம். நம் ஊர் மழைமானி ஒன்றின் வாய் 200 சதுர செ.மீ.; குறுக்கே வைத்தால் 16 செ.மீ. இருக்கும், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. காலை 8.30-க்கு அதில் தேங்கிய தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் படிக்கும் எண்தான் அந்த வட்டாரத்தின் மழை. நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நிலையங்களின் எண்களும் ஓரளவு ஒட்டிப்போகும். ஆனி, ஆடி இடிமழையில் ஒன்றில் ஐந்து செ.மீ., இன்னொன்றில் துளிகூட இல்லை என்பது யாரையும் வியப்பில் ஆழ்த்தாத செய்தி. ரேடார் இந்த இடைவெளியை நிரப்புகிறது என்பது உண்மைதான். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் இந்த ஆர்வலர் தலைமுறையை உருவாக்கியது என்றே சொல்லலாம். ஆனால் ரேடாரும் தரையைப் பார்ப்பதில்லை. அரை பாகைச் சாய்வில் புறப்படும் கதிர், பூமியின் வளைவால் 100 கி.மீ. தொலைவில் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். அங்கே சிவப்பாகத் தெரியும் மழையில் ஒரு பகுதி வறண்ட காற்றில் ஆவியாகிவிடலாம். வேலூர்க்காரர் "படத்துல கொட்டுது, இங்க ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கக்கூடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இப்படி வரையறுத்துக்கொண்டால் முன்னறிவிப்பு ஒருநாளும் தோற்காதே? எங்கோ ஒரு மூலையில் பெய்தால் சொன்னது நடந்தது என்பார்கள், பெய்யாத இடத்தவரிடம் 'ஓரிரு' என்றுதானே சொன்னோம் என்பார்கள்; இது ஜோசியக்காரனின் உத்தி அல்லவா? மறுப்பில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதி நியாயம். ஒருநாள் கணக்கில் அது தப்பிவிடும். நூறுநாள் கணக்கில் தப்ப முடியாது. 'ஓரிரு' என்று சொன்ன நாட்களில் பாதிக்கு மேல் எந்த நிலையத்திலும் மழை இல்லையென்றாலோ, பல நாட்களில் அறுபது சதவீத நிலையங்கள் நனைந்திருந்தாலோ, அறிக்கை தோற்றுவிட்டது என்று எண்ணைக் காட்டி நிரூபிக்கலாம். ஜோசியக்காரனிடம் அப்படி எண்ணைக் காட்ட வழியில்லை. சோதித்துத் தோற்கடிக்க இடம் தரும் எந்தக் கூற்றும் மழுப்பல் ஆகாது. நாம் சோதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எப்படிச் சோதிப்பது என்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1884-இல் அமெரிக்க ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிலிருந்த ஜான் ஃபின்லி, சுழல்காற்று வருமா வராதா என்று வட்டாரவாரியாக முன்னறிவிப்புகள் கொடுத்து, தம் கணிப்பு 96.6 சதவீதம் சரி என்று அறிவித்தார். மொத்தம் 2,803 கணிப்புகள். அவற்றில் வரும் என்றவை 100. அதில் வந்தவை 28. வராது என்ற இடங்களில் 23 தடவை வந்துவிட்டது. மீதி 2,680-ம் வராது என்று சொல்லி வராமல் போனவை. சதவீதத்தைத் தூக்கி நிறுத்தியது அவைதான். யாரோ ஒருவர் ஒன்றுமே படிக்காமல் எல்லா நாளும் 'வராது' என்று சொல்லியிருந்தால் அவருக்கு 98.2 சதவீதம் கிடைத்திருக்கும். நிலவியலாளர் ஜி. கே. கில்பர்ட் அதே ஆண்டிலேயே இந்த ஓட்டையைக் கண்டு, சும்மா இருந்தாலே சரியாகிவிடும் நாட்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மதிப்பிடச் சொன்னார். அப்படிக் கழித்தால் ஃபின்லியின் மதிப்பெண் 23 சதவீதத்தைத் தொடவில்லை. நம் ஊர்க் கோடைக்கும் இது அப்படியே பொருந்தும். ஏப்ரல் மாதம் முழுக்கச் சென்னையில் மழை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவர் அநேகமாக எல்லா நாளும் வெல்வார். அவரிடம் ஒரு பயனும் இல்லை. ஃபின்லியைக் கிண்டல் செய்வதும் எளிது. ஆனால் எச்சரிக்கை ஏதுமின்றி வந்திருக்கக்கூடிய 28 சுழல்காற்றுகளை அவர் முன்கூட்டிச் சொன்னார் என்பதை அந்த 98.2-ஆல் அழிக்க முடியாது. ஆகவே ஒற்றை எண் உதவாது. சொன்னவற்றில் எத்தனை நடந்தது, நடந்தவற்றில் எத்தனை சொல்லப்பட்டது என்று இரண்டு எண்களாவது வேண்டும்.

சரி, இத்தனை கணக்கும் இருக்கட்டும். தெருவுக்குச் சொல்ல முடியாத முன்னறிவிப்பால் சாமானியனுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் குடை எடுப்பதா வேண்டாமா என்ற அளவில் யோசிப்பவர். செப்டம்பரில் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி வைத்திருப்பவரிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். தார்ப்பாய் விரித்து மூட அவருக்கு 500 ரூபாய் செலவு, நனைந்தால் 5,000 ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு வாய்ப்புக்கு மேல் இருந்தாலே மூடுவது லாபம். நான்கில் மூன்று தடவை மழை வராமல் போனாலும், அந்தப் பருவ முடிவில் அவர் கையில் பணம் மிச்சம் இருக்கும். மரக்காணம் உப்பளத்துக்காரர், செங்கல் அறுத்துக் காயப்போட்டவர், கோயில் திருவிழாவுக்கு மேடை போடுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் இந்த விகிதம் மாறும். எல்லோருக்கும் பொதுவாக 'வரும்' அல்லது 'வராது' என்று சொல்வது இவர்கள் அத்தனை பேரின் கணக்கையும் கெடுத்துவிடும். கைப்பேசிச் செயலிகள் மணிவாரியாகப் போடும் மேகப் படமும் மின்னல் கோடும் இந்தக் கேட்டைத்தான் செய்கின்றன. மாலை நான்கு மணிக்கு இடி, ஐந்து மணிக்கு வெயில் என்று அவை காட்டும் துல்லியத்துக்கு எந்தக் கணினி மாதிரியிலும் ஆதாரம் கிடையாது. படம் அழகாக இருப்பதால் நம்பிவிடுகிறோம்.

மின்னலுக்கு இந்த வாதம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி 2019 முதல் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,800-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் வயலிலும் வெட்டவெளியிலும் மரத்தடியிலும் நின்றவர்கள். அவர்களுக்கு முந்தைய நாள் அறிக்கையைவிட, மூன்று மணி நேரத்துக்குத் துறை வெளியிடும் உடனடி எச்சரிக்கையும் பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் 'தாமினி' செயலியும்தான் உதவும். ஆனால் காலையில் வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்திருந்தவர்தான் மாலையில் எச்சரிக்கை வரும்போது கைப்பேசியைப் பார்ப்பார். போன தடவை வராததால் இந்தத் தடவையும் வராது என்று முடிவுகட்டியவர் பார்க்கமாட்டார்.

கருவிகளைப் பெருக்கினால் பிரச்சினை தீராதா என்பது இன்னொரு கேள்வி. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் சென்னையில் முன்னறிவிப்பில் இல்லாத பெருமழை கொட்டியது; பல இடங்களில் பத்து செ.மீ.-க்கு மேல், சிலவற்றில் இருபதை ஒட்டி. மழை பிடித்த பிறகே சிவப்பு எச்சரிக்கை வந்தது. சென்னை வானிலை மையத்தை வலுப்படுத்தக் கோரி முதலமைச்சர் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கோரிக்கை சரியானதே. கூடுதல் ரேடார்களும் நெருக்கமான தானியங்கி மழைமானிகளும் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தை நிச்சயம் தெளிவாக்கும். ஆனால் அந்த நாளின் படிப்பினையாகப் பலரும் எடுத்துக்கொண்டது வேறு: எதற்கும் எச்சரித்துவிடுவது நல்லது. அப்படி எச்சரித்து, ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை விட்டு, அன்றைக்கு வெயில் அடித்தால் மீம்ஸ் பறக்கிறது. ஒருநாள் விட்டதற்குத் திட்டு, ஒருநாள் கூடச் சொன்னதற்குச் சிரிப்பு. இந்த இரண்டு பிழைகளும் ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் தராசுத் தட்டுகள் என்று எடுத்துச்சொல்ல ஆளில்லாத ஊரில், முன்னறிவிப்பாளர் அறிவியலை விட்டுவிட்டு வசவுக்கு அஞ்சி எழுதத் தொடங்குவார்.

ஆர்வலர்கள் வரவேண்டிய இடம் இதுதான். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று அறியப்படும் பிரதீப் ஜான் போன்றவர்கள் 2015 வெள்ளத்துக்குப் பிறகு வானிலையை வீட்டுப் பேச்சாக்கினார்கள். வெப்பச்சலனம், காற்றுக் குவிதல் என்ற சொற்களெல்லாம் ஆட்டோ நிறுத்தம்வரை வந்துவிட்டன. அவர்கள் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகள் இரண்டு. தகுதியில்லாதவர்கள் பீதி கிளப்புகிறார்கள் என்பது ஒன்று. சிலர் செய்கிறார்கள், பார்வையாளர் எண்ணிக்கைக்காக ஒரு மாதிரியின் ஆக மோசமான வரைபடத்தை மட்டும் பொறுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் பட்டம் பெற்றவரா இல்லையா என்பது இதைத் தீர்க்காது. போன ஆண்டு சொன்னவற்றில் எத்தனை பலித்தது என்ற பட்டியல் இருந்தால் ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். மற்றது, ஊருக்குத் துன்பம் தரும் மழையை இவர்கள் கொண்டாடுகிறார்கள் என்பது. அந்த ஆசை அவர்களுக்கு இருப்பது உண்மை. அது தீங்கானது என்று நான் நினைக்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் சென்னைக்குக் கிடைக்கும் நாற்பது சொச்சம் செ.மீ. மழையும் ஏறத்தாழ இந்த மாலை நேர இடிகளிலிருந்துதான் வருகிறது. ஆசைப்படுகிறவர்தான் தினமும் பார்ப்பார். என் குறை வேறு: பலித்த பதிவைப் பெருமையோடு மறுபடி எடுத்துப் போடுகிறவர்கள், பலிக்காததைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறார்கள். நீக்கிய அந்தப் பதிவுகளில்தான் கற்றுக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

கணக்கு வைக்க ரேடாரோ கணினியோ தேவையில்லை. மண்டல வானிலை ஆய்வு மையத்தின் பிற்பகல் அறிக்கை தினமும் வருகிறது. மறுநாள் காலை 8.30 வரையான மழை அளவுகள் நிலையவாரியாக வருகின்றன. ஜூன் முதல் செப்டம்பர்வரை 122 நாட்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் சொன்னது, வலப்பக்கம் பெய்தது. உங்கள் மாவட்டத்துக்கு மட்டும் எழுதினால் போதும். அறிக்கையின் வார்த்தையையும் உங்களுக்குப் பிடித்த ஆர்வலரின் வார்த்தையையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள், எதையும் அடிக்காமல். அக்டோபரில் அந்த நோட்டோடு வந்து திட்டினால், துறையும் பதில் சொல்லியாக வேண்டும்.